கற்பூரம் அணைத்த கை

ஊராட்சி வார்டுத் தேர்தலில் கட்சி கிடையாது. கொடி, தலைவர் படம் எதுவும் கிடையாது. அதனால் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்று நம்பிய வெகுளிகளில் சிட்டம்மாளும் ஒருத்தி.

உத்திரமேரூர்ப் பக்கம் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். அவள் தெருவில் குடிநீர்க் குழாய் இல்லை. வெங்கடேசனின் பம்புசெட்டில்தான் குடம் நிரப்ப வேண்டும். அவருக்கு மனசு சரியில்லை என்றால் மோட்டார் ஓடாது. இந்தத் தண்ணீர்ப் பிச்சை போதும் என்றுதான் வார்டு மெம்பருக்கு நின்றாள். எதிரே நின்றது வெங்கடேசனின் தம்பி மோகன்.

"எங்க ஓட்டு உனக்குத்தான்கா" என்று தெருவே சொன்னது.

தேர்தலுக்கு முந்தின நாள் நடவு முடிந்து வந்தவள், புருஷன் எல்லப்பன் இடுப்பில் புது வேட்டியைப் பார்த்தாள். வாயில் சாராய நெடி.

"இன்னாயா இது?"

"மோகன் ஆளுங்க தட்டோட வந்தாங்க. மோகனுக்கே போடுவோம்னு எல்லாரும் கற்பூரத்த அணைச்சாங்க. நானும் அணைச்சேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வாங்கினது வாங்கிட்ட. உள்ள போய் யாருக்குப் போடறன்னு எவனுக்குத் தெரியும்?"

"அம்மனுக்குத் தெரியும்டி. சத்தியம் பண்ணிக்கினு மாத்திப் போட்டா கை அழுகிப்பூடும்."

குடித்துவிட்டு அவளை அடிக்கும்போதெல்லாம் அந்தக் கைக்கு அம்மன் பயம் இருந்ததே இல்லை. சீ, இதெல்லாம் ஒரு பக்தி!

ஆனாலும் சில பெண்கள் சத்தியத்தை மீறிக் குத்தினார்கள். உத்திரமேரூரில் எண்ணியபோது இருவருக்கும் சரிசமமான ஓட்டு. எல்லப்பன் ஒருவன் மனைவிக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். அதிகாரி இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். மோகன் பெயர் வந்தது. வாசலில் வெடித்த பட்டாசுப் புகையில் நின்று காறித் துப்பினாள்.

மறுநாள் பம்புசெட்டு ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. வெயிலில் அலைந்து திரும்பிய எல்லப்பன் பானைக்குள் கைவிட்டான். காய்ந்து கிடந்தது.

"சிட்டு, நாக்கு வறளுது. எங்கயாவது ஒரு சொம்புத் தண்ணி வாங்கினு வா."

அவள் காலிக் குடத்தை அவன் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"கை நல்லாத்தானே கீது? எடுத்துக்கினு போ. யாருக்கு ஓட்டுப் போட்டியோ அவங்கிட்ட கேளு."