ஈச்சம்பூவுக்கு வண்டு வருமா? சதுரங்கப்பட்டினத்தில் ஒரு காலை

2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஈச்சம்பூவை மோந்து பார்ப்பதற்காகச் சதுரங்கப்பட்டினம் போனேன். தனியாக. எனக்கு ஒன்பது வயதிலிருந்து கண் தெரியாது. சென்னையில் ஒரு வங்கியில் தொலைபேசி இயக்குநர் வேலை. நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டச்சு செய்வது என் மனைவி.

போனதற்குக் காரணம் ஒரு வாக்குவாதம். ஈச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். அதைக் காற்றுதான் கொண்டுபோகிறது, பெண் பூவுக்கு வாசனையே கிடையாது என்றார் எங்கள் இயற்கை ஆர்வலர் குழுவின் தலைவர். உண்டு, அதை மோந்துதான் பூச்சிகள் வருகின்றன என்றேன் நான். "பூச்சி வருதான்னு பார்க்கக் கண் வேணுமே சார்" என்றார். சிலர் சிரித்தார்கள். அடுத்த பயணத்தின் பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, முள் காடு, பொறுப்பேற்க முடியாது என்றார்கள். யார் பொறுப்பேற்கச் சொன்னது?

திருவான்மியூரில் காலை 5.10க்குப் பேருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாமல்லபுரத்தில் பத்து நிமிடம் நின்றது. 6.50க்குச் சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினேன். டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் டேவிட், அந்த ஊர்க்காரர். ஈச்சை பூத்திருக்கும் இடத்துக்குப் போய், காத்திருந்து, திரும்பிக் கொண்டுவந்து விட 250 ரூபாய்.

"பூவப் பாக்கணும்னா யாரையாச்சும் இட்டாந்திருக்கலாமே சார்?"

"நான் பார்க்க வரலை. வண்டைப் பிடிக்க வந்திருக்கேன்."

"நீயா?" என்றார். வண்டியைக் கிளப்பினார். வடக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி, மணல்மேட்டுப் புதர்க்காட்டின் ஓரம் வண்டியை நிறுத்தினார். எது காய்க்கும் மரம், எது காய்க்காதது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் என் மார்பு உயரமே இருந்த குட்டை ஈச்சைகள். ஓலை அடியில் ஊசி ஊசியாக முள்.

"வேணாம் சார், நான் அறுத்துத் தரேன்."

"நானே அறுக்கிறேன். நீங்க மரத்தை மட்டும் காட்டுங்க."

இரண்டு முறை முள் உள்ளங்கையில் ஏறியது. துடைத்துக்கொண்டேன். ஆண் பாளை பிரிந்து, பூவிலிருந்து மகரந்தம் மாவாக உதிர்ந்தது. தூக்கலான மணம். பெண் பாளையில் மணிமணியாக உருண்டைப் பூக்கள், முதலில் ஒன்றுமே அடிக்கவில்லை. நாஸ்தா கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவைக் காலி செய்து, பூவைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தேன். திறந்ததும் அதே மணம், மெலிதாக. டேவிட்டிடம் நீட்டினேன்.

"அட, கீது சார்."

எனக்கு அது போதாது. பழைய வேட்டித் துணியில் மூன்று பைகள் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் ஆண் பூ, ஒன்றில் பெண் பூ, ஒன்று காலி. பூ வெளியே தெரியாது, வாசனை மட்டும் வரும். ஒவ்வொன்றின் மேலும், வண்டு ஒட்டிக்கொள்ள வாஸ்லின் தடவிய எழுதாத பிரெயில் தாளைப் பட்டையாகச் சுற்றி, மரங்களிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் குச்சியில் தொங்கவிட்டேன். 7.50 முதல் 8.50 வரை மணலில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு தாள்களை மடியில் விரித்து விரலால் எண்ணினேன். கடுகைவிடச் சிறிய வண்டுகள். காலிப் பையில் இரண்டு, பெண் பூவில் பதினொன்று, ஆண் பூவில் நாற்பத்துமூன்று. டேவிட்டையும் எண்ணச் சொன்னேன்.

"நாப்பத்தொண்ணு தான் சார் கீது."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. "மடிப்புல ரெண்டு ஒட்டிகினு கீது" என்றார். பெண் பூவின் தாளையும் எடுத்துப் பார்த்தார். "ஆம்பளப் பூவுல வந்த அதே வண்டுதான் சார் இதுலயும். மூக்க நீட்டிகினு கீது. பொம்பளப் பூவுலதான் துன்ன மாவே இல்லியே, இன்னாத்துக்கு வருது?"

"அதே வாசனை. நம்பி வந்துடுது. வரும்போது உடம்புல ஒட்டின மகரந்தமும் கூடவே வருது."

"மோசம் பண்ணி இட்டாருது, சொல்லு" என்று சிரித்தார்.

அன்று மாலையே தலைவருக்குத் தொலைபேசினேன். ஒரு நாள் சோதனை எதையும் நிரூபிக்காது என்றார். அது சரிதான். காற்றுக்கும் பங்கு உண்டு, அதையும் நான் மறுக்கவில்லை. "அடுத்த ஞாயிறும் போறேன், வந்து நீங்களே எண்ணுங்க" என்றேன். அவர் வரவில்லை. மேலும் மூன்று ஞாயிறு போனேன். எண்ணிக்கை மாறியது, ஆண், பெண், காலி என்ற வரிசை மாறவில்லை. மார்ச் கூட்டத்தில் பன்னிரண்டு தாள்களையும் மேசைமேல் பரப்பினேன். தலைவர் வெகு நேரம் எண்ணினார். அடுத்த பயணப் பட்டியலில் என் பெயர் வந்தது, பக்கத்தில் 'துணையுடன்' என்று எழுதியிருந்தது. என் பெயரையே அடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கோபம்தான், ஆனால் வருத்தமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரியிலேயே போங்கள், வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். தடித்த செருப்பு, முழுக்கைச் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அங்கே கடை கிடையாது. ஒரு மரத்தில் ஒரு பாளைக்கு மேல் அறுக்காதீர்கள். கண் தெரியாதவர்கள் கோலோடு ஒரு நீளக் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஒரு முனையைக் கட்டிவிட்டால் மணலில் திசை தவறாது. வீட்டில் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.