பிரேக்கை விடாத கால்

எண்பதுகளில் ஒரு மழைநாள். எஸ்டேட்டில் இருந்த தங்கையைப் பார்த்துவிட்டு, ஏலக்காய் பறிக்கும் பெண்களோடு ஜீப்பில் போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றது. கைப்பிரேக்கும் கியரும் பிடிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் இறங்க முடியாது. அவர்கள் இறங்கும் பக்கம் பள்ளம்.

"சக்கரத்துக்கு வைக்கிற கட்டையக் குளிருக்கு எரிச்சுட்டேன் சார். பிரேக்க மிதிச்சுப் பிடிங்க, வெரசா கல்லு கொண்டாறேன்" என்ற டிரைவர், பக்கத்து சீட்டிலிருந்த என் கால் பிரேக்கில் ஏறியதும் குதித்தார்.

அழுத்தி மிதித்தேன். தொடை இறுகியது. பள்ளியில் நான் நடத்தும் பாடம்தான்: கால்சியம் வந்ததும் இழைகளை மறைத்து நிற்கும் காவல் புரதம் விலகும், இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும், தசை சுருங்கும். இதயத்துக்கும் அதே வேலைதான். ஆனால் அது பிடித்ததும் விட்டுவிடுகிறது.

"கால எடுத்துறாதீங்க சார், பிள்ளைகள வீட்ல விட்டுட்டு வந்திருக்கோம்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்.

டிரைவர் கல்லை வைத்துவிட்டு, "எடுங்க" என்றார். கால் வரவில்லை. இறுகிய தசை இறுகியபடியே இருந்தது. அவர்தான் என் முழங்காலைப் பிடித்துத் தூக்கினார்.

பற்றிய இழைகள் விடுவதற்கும் சக்தி வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி உண்டு. அதுவரை வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவேன். பிறகு முடியவில்லை. அந்த வரிக்கு வரும்போதெல்லாம் மேசைக்கடியில் என் கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்.