அர்மானின் கறுப்புச் சக்கரங்கள்

என் அக்கா லுசெத்தின் புருஷன் அர்மான், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பான், தன் சிவப்புக் காரின் அகலமான வெள்ளிநிறச் சக்கரங்களைத் துடைக்காமல் இருக்கமாட்டான். "உனக்கு அக்கா ஒசத்தியா, காரு ஒசத்தியா?" என்று கேட்டால், "காரு என்கிட்ட எதிர்த்துப் பேசாதுல்ல" என்பான். பாவி!

பனி விழுந்தால் அந்தக் கார் கொட்டகையைவிட்டு வெளியே வராது. போன நவம்பரில், பனிக்காலத்துக்கென்று வைத்திருந்த பழைய வேன் மண்டையைப் போட்டது. அக்காவுக்கோ சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று முறை மலையைத் தாண்டி சிக்கூத்திமி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அர்மான் சிவப்புக் காரை எடுத்தான்.

பனிக்கென்று செய்த குளிர்கால டயர் இல்லாமல் எங்கள் ஊரில் போலீஸ் விடாது. கடைக்காரர் ஒல்லியான டயரையும் அதற்கேற்ற இரும்புச் சக்கரத்தையும் காட்டினார்.

"அகல டயர் பனிச்சேத்து மேல மிதக்கும். இதுதான் அறுத்துக்கிட்டுப் போய் ரோட்டைப் பிடிக்கும்."

"இந்தக் கறுப்புச் சட்டியையா என் வண்டிக்கு மாட்டுறது?" என்றான் அர்மான். அகலமான குளிர்கால டயரையே வாங்கி, வெள்ளிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். அவர்களோடு அதே வீட்டில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பெரும்பனியில், மலை இறக்கத்தில், கார் வழுக்கிப் பள்ளத்துக்குள் போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. பனி தள்ளும் வண்டிக்காரர் இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு திரும்பியதும் அக்கா சொன்னாள்:

"இனிமே நான் போகமாட்டேன், அர்மான். அந்த மலையில பயந்து சாகறதுக்கு, என் கட்டில்லயே சாகறேன்."

போகாவிட்டால் எத்தனை நாள் தாங்குவாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நான் அழுதேன். அர்மான் எழுந்து கொட்டகைக்குப் போனான்.

அடுத்த முறை போகவேண்டிய காலையில் வாசலில் ஹாரன் சத்தம். அக்கா போர்வையோடு வந்து ஜன்னலைத் திறந்தாள். சிவப்புக் காருக்கு நான்கு ஒல்லிக் கறுப்புச் சக்கரங்கள். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அர்மான், ஏதோ தப்புச் செய்த பையன்போல.

"கிழவி, ஒரே ஒரு தடவை வந்து பாரு. பயமா இருந்தா சொல்லு, அங்கயே திருப்பிடறேன்."

அக்கா எட்டி அந்தச் சக்கரங்களைப் பார்த்தாள்.

"எவ்வளவு அசிங்கமா இருக்கு!" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என் கம்பளிக் கோட்டை எடு" என்றாள்.