பதினொரு மெட்டு தெரிந்த டிரைவிங் டீச்சர்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ஸ்டீம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரிக்கோல், இடுக்கி, கத்தி எல்லாவற்றையும் கழுவி, எண்ணிப் பார்த்து, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே சூடு. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் தங்கையுமாக இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தாறு வயது வரைக்கும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும்.

தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே லென்ஸ் மாற்ற வந்த ஒரு மனிதர் மூன்றே மாதத்தில் நான்கு முறை கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து நின்றார். தங்கை அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போதே ஸ்டீம் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறாவது வாரம் அவருக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்த வெளிநாட்டுக்கு இரண்டு பேரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

"அப்பாடா, பாரம் இறங்கிடுச்சாக்கா?" என்று நர்ஸ்கள் கேட்டார்கள்.

"ஆமா, இறங்கிடுச்சு" என்றாள்.

நல்லது நடந்த வீட்டில் அழுதால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அவளுக்கு அழுகையும் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் குளியலறைக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். தட்டின பிறகுதான் ஞாபகம் வரும். வந்து என்ன? மறுநாளும் தட்டுவாள்.

தங்கை வீட்டுக்காரரின் சாமான்களில் ஒரு நீளப் பெட்டி எடை அதிகம் என்று நின்றுபோயிருந்தது. உள்ளே கிட்டார். "இது மட்டும் இங்க இருக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் அதைத் தங்கையின் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்வாள்.

"இந்த வாரம் என்னக்கா பண்ணின?"

"ஒண்ணுமில்ல. வேலைக்குப் போனேன், வந்தேன்."

ஏழு ஞாயிறு இப்படியே போனது. எட்டாவது ஞாயிறு அதே கேள்வி வந்தபோது அவள் கண் கட்டில் பக்கம் போனது. "கிட்டார் கத்துக்கறேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

"நிஜமாவா! யாருகிட்ட?"

"இங்கதான். பக்கத்துல ஒரு டீச்சர்."

"அப்ப ஒருநாள் எனக்கு வாசிச்சுக் காட்டணும், சொல்லிட்டேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்து பார்த்தாள், அதுவும் வரவில்லை. ஆனால் எண்ணிக்கையில் ஒரு இடுக்கி குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவள். சொன்ன டீச்சரைத் தேட வேண்டியதுதான் என்று வார விடுமுறை அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் கிட்டார் வகுப்பு ஒன்று இருந்தது. தாடி வைத்த வாத்தியார் கிட்டாரை அணைத்துப் பிடித்து விரலால் அழுத்திப் பார்த்தார். கம்பி கீழே தொடவே இல்லை.

"இது நாங்க வாசிக்கிற கிட்டார் இல்லம்மா. ஸ்டீல் கிட்டார். மடியில படுக்க வச்சு, கம்பி மேல இரும்பை நகர்த்தி வாசிக்கணும். சத்தம் வழுக்கிக்கிட்டே போகும். எனக்கு வராது."

"யாருக்கு வரும்?"

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, கடைத்தெருவில் இருக்கும் வாத்தியக் கடையில் விசாரிக்கச் சொன்னார். அந்தக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே, "நேரா போய் வலது பக்கம் திரும்புங்க. டிரைவிங் ஸ்கூல் டீச்சரைக் கேளுங்க" என்றார்.

"நான் கார் ஓட்டக் கத்துக்க வரலைங்க."

"தெரியுதும்மா. அந்தம்மா கம்பி வாங்க என்கிட்டதான் வருவாங்க."

டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரே ஒரு அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். டீச்சருக்கு நாற்பதுகூட இருக்காது. 'பிரேக், பிரேக்' என்று கத்திக் கத்திக் கனத்துப்போன குரல்.

"சொல்லித் தரேன். ஆனா இப்பவே சொல்லிடறேன், எனக்குப் பதினோரு மெட்டுதான் தெரியும்."

"பதினொண்ணா?"

"ஆறு வருஷம் ஒரு பாட்டுக் குழுவுல இருந்தேன். அவங்க பாட்டுல பதினொண்ணுக்குத்தான் ஸ்டீல் கிட்டார். மத்த பாட்டுக்கெல்லாம் மேடையில சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பன்னண்டாவது கேட்டா என்கிட்ட இல்ல."

"எனக்கு ஒண்ணு வந்தா போதும்."

"புதன்கிழமை ஒண்ணுலேர்ந்து ரெண்டு. அது என் சாப்பாட்டு நேரம். நீங்க வாசிங்க, நான் சாப்பிடறேன்."

முதல் புதன்கிழமை டீச்சர் ஒரு சிறிய உருளை இரும்புத் துண்டை அவள் இடது கையில் கொடுத்தாள். அதை வாங்கிய விதத்தைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"புதுசா வர்றவங்க பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாங்க. உங்களுக்கு எப்படிங்க இது?"

"நாள் முழுக்க இரும்புதான் என் கையில."

"அப்ப சரி. கம்பிக்கு அடியில குறுக்கே இருக்கற கோட்டுக்கு நேர் மேல நிறுத்துங்க. தாண்டினாலும் தப்பு, பின்னாடி நின்னாலும் தப்பு. அழுத்தாதீங்க, சும்மா வைங்க."

ஸ்டீம் அக்கா வலது கட்டைவிரலால் கம்பியை மீட்டினாள். சத்தம் எழுந்து, இரும்பு நகர நகர மெல்ல மேலேறியது.

"எப்படி இருக்கு?" என்று சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினாள் டீச்சர்.

"ஒண்ணும் தோணல."

"பரவாயில்லங்க. கை கத்துக்கட்டும். தோணுறது தோணும்போது தோணட்டும்."

பொய் அன்றோடு உண்மையானது. அவள் ஒரு புதன்கிழமைகூடத் தவறவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில் தங்கையின் கட்டிலில் உட்கார்ந்து மடியில் கிட்டாரை வைத்துத் தினமும் அரை மணி நேரம். மூன்று மாதத்தில் முதல் மெட்டு தட்டுத்தடுமாறி வந்தது. ஒரு ஞாயிறு போனை மேஜையில் வைத்துவிட்டு வாசித்தாள். "சூப்பர்க்கா!" என்றாள் தங்கை. "சரி" என்றாள் இவள். அந்த மாதங்களில் எதற்கும் அவள் வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டாவது மெட்டின் பாதியில் இருந்தபோது அந்தப் போன் வந்தது.

"அக்கா, இவரோட ஃப்ரெண்ட் ஒருத்தர் அடுத்த வாரம் அங்கேர்ந்து இங்க வர்றார். கிட்டாரைக் கொடுத்து விட்டுடறியா? இவர் கேக்கறார்."

"மாட்டேன்."

யார் சொன்னது என்று அவளே ஒரு நொடி திகைத்தாள்.

"என்னக்கா?"

"தர மாட்டேன்டீ. அவரு கட்டில்ல போட்டுட்டுப் போனாரு. நீயும் போட்டுட்டுப் போன. துடைச்சது நானு, கம்பி மாத்தினது நானு. இப்ப ஆள் அனுப்பறேன், எடுத்துக் குடுன்னா குடுத்துடணுமா? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தானே போனீங்க!"

காதெல்லாம் சூடாகியிருந்தது. எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழறியா?"

"இல்ல. ஆமா. இவ்வளவு நாள்ல நீ ஒரு தடவைகூட என்னைத் திட்டலக்கா. எதச் சொன்னாலும் சரி, சரின்னு. நீ என்னைக் கைகழுவிட்டன்னு நெனச்சேன். இங்க பகல் பூரா நான் தனியா உக்காந்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

"நீ சொல்லலியே."

"நீ மட்டும் சொன்னியா?"

அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அதில் முக்கால்வாசி சண்டை. இடையில் தங்கை வீட்டுக்காரர் போனை வாங்கி, "அக்கா, நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அது இதுவரைக்கும் வாசிக்கவே வரல" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மறுநாள் காலையில் பழையபடி மரத்துப்போய்த்தான் எழுந்தாள். வாரத்தில் ஐந்து நாள் அப்படியே போகும். மற்ற நாட்களில் எதன்மேலாவது எரிச்சல் வரும், ஒருநாள் நீராவிப் பெட்டியைத் திறந்தபோது காரணமில்லாமல் அழுகை வந்தது. சீக்கிரமே நின்றும்விட்டது.

இப்போது நான்காவது மெட்டில் இருக்கிறாள். போன புதன்கிழமை நடுவில் ஓரிடம் தொடர்ந்து பிசகிக்கொண்டே இருந்தது. டீச்சர் டப்பாவை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த இடத்துல அவசரப்படறீங்க. திரும்ப."

அவள் இரும்பைத் தூக்கி, கோட்டுக்கு மேல் வைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.