கவிழ்த்துப் போட்ட தகடு

தனக்கு இடமில்லாத ஒன்றை ஒருவர் எவ்வளவு கவனத்தோடு செய்ய முடியும்? புத்தகத்தில் வாசிக்கும்போது இது வெறும் கேள்வி. கண்ணாடியின் வாழ்க்கையில் அது இரும்புத் தகடாக வந்து மேசைமேல் கிடந்தது.

கண்ணாடி என்பது பட்டறையில் அவருக்கு வைத்த பெயர். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. பழைய வேன்களுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து ஓடும் வீடுகளாக மாற்றித் தரும் பட்டறை அது. தகடு வெட்டும் சி.என்.சி. பிளாஸ்மா இயந்திரம் அவர் பொறுப்பு. புகைக்கும் இரைச்சலுக்கும் பயந்து அதைப் பின்னால் தனிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். கணினியில் உள்ள படத்தின் கோடுகளைப் பின்பற்றி டார்ச் தானாக நகரும்; அதன் நுனித் தீ இரும்பை உருக்கி ஊதித் தள்ளிவிடும். தகட்டை நேராகப் போடுவதும், டார்ச் நுனியில் தேய்ந்துபோன நாசிலை மாற்றுவதும், பார்த்துக்கொண்டு நிற்பதும் அவர் வேலை. பெரிய கலைஞர் என்று சொல்லமாட்டேன். ஒழுங்கானவர். காதடைப்பான் போட்டிருப்பதால் யாரும் அவரிடம் பேச வருவதில்லை. யாரும் வராததால் சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்.

மாடியில் ஒற்றை அறை வீடு. ஒரு நாற்காலியில் அவர் உட்காருவார், இன்னொன்றில் சட்டை உட்கார்ந்திருக்கும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால், "யாரும் கேக்கல" என்பார். உறவென்று இருந்தது லாரி ஓட்டும் தம்பி மட்டும். ஒரு வேன் வாங்கி, வேலையை விட்டதும் இருவருமாக ஊர் சுற்றுவது என்று பல வருடங்களாகப் பேசிவந்தார்கள். வேறெதைப் பற்றியும் அவர் அவ்வளவு பேசியதில்லை. ஒருவழியாகத் தம்பி வேன் வாங்கிப் பட்டறையில் விட்டான். ஆளுக்கொரு படுக்கையாகப் படமும் தயாரானது. அதற்குள் தம்பிக்குக் காலம் கடந்து ஒரு கல்யாணமும் கூடிவந்தது.

ஒரு காலையில் தம்பி கொட்டகைக்கு வந்து கதவோரமாகவே நின்றான்.

"அண்ணா, படுக்கைய கொஞ்சம் மாத்திட்டோம்."

"எப்படி?"

"ரெண்டையும் சேத்து ஒண்ணா, அகலமா. அவளுக்கு முதுகு வலி. நீ முன் சீட்டுல படுத்துக்கலாம். சாய்ச்சா கட்டில் மாதிரிதான்."

"சாய்ச்சா கட்டிலு, நிமித்தினா டிரைவரு. நல்ல சீட்டுதான்."

தம்பி சிரித்தான். அவரும் சிரித்துவிட்டு நாசிலைத் துடைக்கத் தொடங்கினார். புதிய படம் மதியமே கணினிக்கு வந்தது.

வேனின் தரைக்குக் கால் வழுக்காத புடைப்புத் தகடு போடுவார்கள். ஏறும் படிக்கான வெட்டும் படுக்கையைப் பொருத்தும் போல்ட் துளைகளும் அதிலேயே வரும். மேல்முகத்தில் மட்டும் வரிவரியாகப் புடைப்பு இருக்கும். அந்த மேடுபள்ளத்தில் டார்ச் தடுமாறும் என்பதால் அந்த முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு வெட்டுவது அங்கே வழக்கம். அப்படி வெட்டும்போது படத்தையும் இடவலமாகத் திருப்ப வேண்டும். அவர் தகட்டைக் கவிழ்த்தார். படத்தைத் திருப்பவில்லை. வெட்டிய தகட்டை வெல்டர் வேனுக்குள் நிமிர்த்தி வைத்தபோது, ஏறும் படிக்கான வெட்டு பக்கக் கதவே இல்லாத டிரைவர் பக்கம் இருந்தது. சாதாரணத் தகடாக இருந்தால் புரட்டிப் போட்டுச் சமாளித்திருக்கலாம்.

"என்ன கண்ணாடி, உங்க தம்பிய நடுரோட்டுல இறக்கிவிடப் பாக்குறீங்களா?" என்றான் வெல்டர்.

"திருப்ப மறந்துட்டேன்."

"நீங்களா? மறந்தீங்களா?"

முதலாளியும் அதையே கேட்டார். அத்தனை வருடங்களில் அவர் கையால் ஒரு தகடும் இப்படிக் கெட்டதில்லை. கோபத்தில் செய்திருக்கிறார் என்று பட்டறை முடிவு கட்டிவிட்டது. எனக்கு அது அவ்வளவு தெளிவில்லை. மனிதன் மறப்பதும் உண்டு. மறப்பதற்குச் சரியான நாளை மனம் தேர்ந்தெடுப்பதும் உண்டு. எது நடந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் தம்பி வந்தான். இந்த முறை உள்ளேயே வந்து, அவர் காதடைப்பானைத் தானே கழற்றினான்.

"கோவம்னா திட்டியிருக்கலாம்லணா."

"கோவம் இல்லடா. மறந்துட்டேன்."

"சரி, மறந்துட்ட. விடு. பழைய படத்தையே போடு, ரெண்டு படுக்கை. அவகிட்டயும் பேசிட்டேன், சரின்னுட்டா."

"முதுகு வலின்னு சொன்ன?"

"அது வந்து வந்து போற வலிதான்."

தம்பி அவர் தோளைத் தட்டிவிட்டு, வெல்டரைப் பார்க்கப் போனான்.

புதுத் தகடு வந்தது. கவிழ்த்துப் போட்டார். இரண்டு படங்களும் கணினியில் இருந்தன. இரண்டையும் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றை இடவலமாகத் திருப்பி, திருப்பியதை மறுபடி சரிபார்த்து, காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் போட்டார். தீப்பொறி அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். விளிம்பில் ஒட்டியிருந்த கசடைத் தானே தட்டி எடுத்தார்.

சத்தம் நின்றதும் தம்பி ஓடி வந்து குனிந்து பார்த்தான். படி வெட்டு சரியான பக்கத்தில் இருந்தது. போல்ட் துளைகள் அத்தனையும் அகலமான அந்த ஒற்றைப் படுக்கைக்கு உரியவை.

"ஏண்ணா? அதான் சொன்னேனே" என்று தகட்டின்மேல் கையை ஊன்றப் போனான்.

"தொடாதடா, இன்னும் சூடு இருக்கு" என்றார் அண்ணன்.