மஞ்சள் காலுறைகள்

ஈராண்டுகளுக்கு முன்பு, புரட்டாசித் திங்களில், அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் ரவுண்ட் ராக் என்னும் ஊரிலுள்ள என் மகள் இல்லத்தில் நிகழ்ந்தது இது. நான் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். மனைவி மறைந்தபின் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரொன்றில் தனியே வாழ்ந்து வருகிறேன். அதுவரை கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டிருந்த என் பேத்தியை நேரில் காணவே அந்த நெடும்பயணம்.

என் பெட்டியின் எடையில் பாதி, வேட்டியில் சுற்றி வைத்திருந்த பழைய தமிழ் அகராதியின் எடை. வானூர்தி நிலையத்தில் சோதனை செய்த அலுவலர் அதனை விரித்துப் பார்த்துவிட்டு, இது உங்கள் சமய நூலா என்று வினவினார். ஆம் என்று சொல்லிவைத்தேன். அது பொய்யும் அன்று. எங்கள் வீட்டில் செய்தித்தாளின் கிழிந்த துண்டொன்று காலில் பட்டாலும் குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே அடுத்த அடி வைப்போம். என் மகளும் அப்படியே வளர்ந்தவள்.

அவளுக்கும் மருமகனுக்கும் மகப்பேறு வாய்க்கவில்லை. தத்தெடுக்க முடிவு செய்தனர். இருவரும் அமெரிக்கக் குடிமக்களாகிவிட்டமையால், இந்தியாவில் பிறந்த குழந்தையும் அவர்களுக்கு அயல்நாட்டுக் குழந்தையே. "நம்ம நாட்டையே ஃபாரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன் மாமா" என்று மருமகன் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. அலுவலர்கள் வீடு தேடி வந்து ஆராய்ந்தார்கள், விசாரணைகள் நீண்டன, காத்திருப்பும் நீண்டது. அதற்கிடையில் ஒடிசாவிலுள்ள குழந்தைகள் இல்லமொன்றில் வளர்ந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றி இருவரும் அறிந்தனர். அகவை ஐந்து. இரு கைகளும் இன்றிப் பிறந்தவள். நேரில் சென்று பார்த்துவிட்டு வந்த பிறகு வேறு எந்தக் குழந்தையைப் பற்றியும் அவர்கள் பேசவில்லை.

உறவினர் சிலர் வருந்தினர். என் மனைவியின் தங்கை, நல்ல குழந்தையாகப் பார்த்து எடுக்கக் கூடாதா என்று கேட்டே விட்டார். "இவ நல்ல குழந்தைதான் சித்தி" என்று மகள் சொன்னதாகக் கேள்வி. நான் மறுப்பேதும் சொல்லவில்லை. என்ன பெயர் சூட்டப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். இல்லத்தில் இட்ட பெயரையே அவள் விரும்புகிறாள், அது அவளுடையது, மாற்ற மாட்டோம் என்றாள் மகள். அந்த விடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குழந்தையை அவர்கள் அழைத்துச் சென்ற வேளையில் எனக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. சென்று பார்க்க இயலவில்லை. பின்னர் ஓராண்டுக் காலம் காணொளி அழைப்புகளில்தான் உறவு வளர்ந்தது. மகள் எப்போதும் குழந்தையின் முகத்தையும் தோளையும் மட்டுமே காட்டுவாள். பெரிய கண்கள். சிரித்தால் தெரியும் முன்பல் இடைவெளி. அவ்வளவே நான் அறிந்த பேத்தி.

வானூர்தி நிலையத்தில் மூவரும் காத்திருந்தனர். டெக்சாஸின் புரட்டாசி வெயில் எங்கள் விருதுநகர் வெயிலுக்குச் சிறிதும் இளைத்ததன்று. ஆயினும் குழந்தையின் கால்களில் முழங்கால்வரை ஏறிய, தடித்த மஞ்சள் நிறக் காலுறைகள். மகிழுந்தில் ஏறியதும், இந்த வெக்கையில் இவை எதற்கு என்று கேட்டேன். மருமகன் குளிர்பதனக் கருவியைத் திருகியவாறு, "ஏசி அவளுக்கு ஒத்துக்காது மாமா" என்றார். கேட்டவன் பின்னிருக்கையில் இருக்க, விடை முன்கண்ணாடிக்குச் சொல்லப்பட்டது. அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் காலுறைகள் கழற்றப்படவில்லை. மகளும் மருமகனும் மாறி மாறிக் குழந்தைக்கு உணவு ஊட்டினர். அவள் ஏதோ கடமையை நிறைவேற்றுவதுபோல் வாய் திறந்தாள், மென்றாள், எழுந்து சென்றாள். நானும் என் பங்குக்கு உதவ முற்பட்டேன். தண்ணீர்க் குவளையை வாயருகே பிடித்தேன். படக்கதை நூலைப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொல்லி, நிதானமாகப் பக்கம் புரட்டினேன். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் இரண்டு பெருமூச்சு விட்டாள். காலுறைகளுக்குள் விரல்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. பிறகு எழுந்து, என்னைத் திரும்பியும் பாராமல் தன் அறைக்குள் போய்விட்டாள்.

என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையை எண்ணி உள்ளூரத் துயருற்றேன். திரையில் அவ்வளவு சிரித்தவள் ஏன் நேரில் வாடுகிறாள்? புதிய நாடு, புதிய மொழி, புதிய பெற்றோர் என்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவளுக்கு இந்தக் கிழவன் மட்டும் ஆகவில்லையோ என்று எண்ணினேன். இவ்வாறே நாள்கள் சென்றால் அவளுக்கு ஒரு தாத்தா வாய்க்காமலே நான் ஊர் திரும்ப நேரும் என்ற அச்சம் பற்றிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமைக் காலை மகள் இந்தியக் கடைக்குச் சென்றிருந்தாள். மருமகன் வாசலில் புல்வெட்டும் பொறியோடு போராடிக்கொண்டிருந்தார். நான் உலாவிவிட்டுப் பின்பக்கமாக வந்தேன். கண்ணாடிக் கதவு வழியே கூடம் முழுவதும் தெரிந்தது.

குழந்தை தரைவிரிப்பில் அமர்ந்திருந்தாள். காலுறைகள் இரண்டும் சற்றுத் தள்ளிக் கிடந்தன. அவள் முன்னே விரிந்து கிடந்தது என் அகராதி. வலக்கால் விரல்களால் ஒரு தாளைப் பற்றி, அதன் மூலை மடங்காமல் மெல்லத் தூக்கி, மறுபுறம் படுக்க வைத்தாள். அத்தாள்கள் மிக மெல்லியவை. என் விரல்களே சில வேளைகளில் அவற்றை இரண்டிரண்டாகப் புரட்டிவிடும். அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இடக்கால் விரல்களுக்கிடையே ஓர் ஆரஞ்சுச் சுளை. அதை முழங்கால் மடக்கி வாயிலிட்டுக்கொண்டு, பெருவிரலை ஓர் எழுத்தின் மேல் வைத்து அதன் வளைவிலேயே ஓட்டினாள். காணொளியில் கண்ட முகம் மீண்டும் வந்திருந்தது.

நான் கதவைத் தள்ளிய ஓசை கேட்டது. அவள் நிமிர்ந்தாள், உறைந்தாள். அடுத்த நொடி, உடலை முழுவதும் முன்னே வளைத்து, குனிந்து, தன் இரு கண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கத்தின் மேல் ஒற்றினாள்.

நூலில் கால் பட்டால் நாம் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோம். அவளுக்குக் கையில்லை, ஆகவே கண்ணையே நூலிடம் கொண்டு சென்றாள். யார் அவளுக்கு இதைக் கற்பித்தார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. பிறகு அவசர அவசரமாகக் காலுறையைப் பல்லால் பற்றி மாட்டிக்கொள்ள முனைந்தாள்.

நான் அவளருகே தரையில் அமர்ந்தேன். எதற்கம்மா மாட்டுகிறாய் என்றேன். தமிழை நன்கு புரிந்துகொள்வாள். விடை மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"தாத்தா இருக்கும்போது நோ ஃபீட். மம்மி செட் ஸோ" என்றாள். பிறகு, எவரோ தன்னிடம் ஒப்படைத்த செய்தியைப் போல, "யூ ஆர் ஸ்ட்ரிக்ட்" என்றும் சேர்த்தாள்.

அந்தத் தடித்த துணிக்குள் ஏன் அவள் விரல்கள் அப்படித் தவித்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. என்னை மதிப்பதாக எண்ணி, அவள் கைகளைக் கட்டிப்போட்டிருந்தனர். நான் இரு காலுறைகளையும் எடுத்து என் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். அவள் என் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைசியாக மிஞ்சியிருந்த ஆரஞ்சுச் சுளையைக் கால்விரல்களால் எடுத்து என்னிடம் நீட்டினாள். இரு கைகளாலும் வாங்கி உண்டேன். நல்ல இனிப்பு.

கடையிலிருந்து திரும்பிய மகள், வெறுங்காலுடன் குழந்தை கூடத்தில் ஓடுவதைக் கண்டு பைகளோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். அவள் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள்.

"பேப்பரை மிதிச்சாலே தொட்டுக் கும்பிடுற வீடுப்பா நம்ம வீடு. இவ சாப்பிடுறது, எழுதுறது எல்லாமே கால்லதான். பழகுற வரைக்கும் உங்களுக்கு எப்படி இருக்குமோன்னு பயந்துட்டேன். ஒரு மாசந்தானேன்னு…"

ஒடிசாவின் குழந்தைகள் இல்லத்தில் முதன்முதலாகச் சந்தித்தபோது குழந்தை வாழைப்பழமொன்றைக் காலாலேயே உரித்து, பாதியைத் தன்னிடம் நீட்டியதை அப்போதுதான் சொன்னாள். முடிவெடுத்தது அந்த நொடியில்தானாம். "சாக்ஸ் ஐடியா என்னுது இல்லை மாமா" என்று மருமகன் தம்மைக் காத்துக்கொண்டார். "அப்ப ஏசி ஒத்துக்காதுன்னது யாரு?" என்றாள் மகள்.

அன்று நண்பகல் குழந்தை எங்களோடு தரையில் அமர்ந்து தானே உண்டாள். உண்ணுமுன் குளியலறையில் கால்களைச் சோப்பிட்டு, விரலிடுக்குகளையெல்லாம் தேய்த்துக் கழுவினாள்; அந்தக் கவனத்தை நம்மவர் கை கழுவுவதிலும் நான் கண்டதில்லை. கரண்டியை விரல்களிடையே செருகித் தயிர்ச்சோற்றை வாரி உண்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள். அதன் பிறகு நாள்தோறும் அகராதியும் நாங்களும்தான். பக்கம் புரட்டும் உரிமையை அவள் எனக்கு விட்டுக்கொடுக்கவேயில்லை.

விசயதசமி வந்தது. அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஒரு மண்டபத்தில் கூடி, சிறுவர்க்கு எழுத்தறிவிப்பது வழக்கம். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரல் பிடித்து முதலெழுத்தை எழுதச் செய்வர். தமிழ் பயிற்றுவித்தவன் என்பதால் அப்பணியை என்னிடம் தந்தனர். மகள், நாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குழந்தை அதற்குள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

அவள் முறை வந்தது. விழாவை முன்னின்று நடத்திய முதிய அம்மையார் என்னருகே குனிந்தார். நல்ல மனத்தவர், குரலில் கனிவே இருந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அரிசியில கால் படலாமா? அவங்க அம்மா எழுதட்டும், பாப்பா மடியில உட்கார்ந்து பார்க்கட்டுமே."

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து மகள் பேசினாள். "ஆன்ட்டி, அவளுக்கு அதுதான் கை."

மண்டபம் முழுவதும் கேட்கும்படி அவள் சொன்னாள். சில நாள்களுக்கு முன்புவரை அதையே காலுறைக்குள் மறைத்து வைத்தவள் அவள். அம்மையார் தாமே சென்று ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் பேத்தியின் கால்களைக் கழுவி, என் துண்டால் துடைத்து, பெருவிரலைப் பற்றினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"தாத்தா, விடுங்க. ஐ கேன் டூ இட்."

விட்டுவிட்டேன். அவள் தானே 'அ' எழுதினாள். எழுதிப் பார்த்தாள், சுழி அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்காலால் அரிசியை நிரவி அழித்துவிட்டு, தாம்பாளத்தின் விளிம்பு தொடும் அளவுக்குப் பெரிதாக மீண்டும் எழுதினாள். அழித்தபோது அம்மையார் நெஞ்சில் கை வைத்ததையும், மறுபடி எழுதி முடித்தபோது முதலில் கைதட்டியவர் அவரே என்பதையும் கண்டேன்.

அதற்குப் பின் நிகழ்ந்ததுதான் கண்ணுக்குப் பெரு விருந்து. அடுத்து வந்து அமர்ந்த சிறுமி விரல் நீட்ட மறுத்துவிட்டாள். செருப்பை உதறிவிட்டுக் காலை நீட்டினாள். அவள் தாய் வெட்கிப்போய்க் கையைப் பிடித்து இழுக்க, "ஐ வான்ட் லைக் ஹர்" என்று அழவே தொடங்கிவிட்டாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் குனிந்து செருப்புகளைக் கழற்றலாயினர். மண்டபமே சிரித்தது. என் பேத்தி தாம்பாளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கால்விரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் அளித்தாள். செம்புத் தண்ணீர் போதாமல் வாளியில் கொண்டுவர நேர்ந்தது.

விழா முடிந்ததும் அந்த அம்மையார் தாம்பாளத்து அரிசி முழுவதையும் ஒரு பையில் வழித்துக் கட்டிக்கொண்டார். "பாயசம் வைக்கப் போறேன். வேற யாரும் கேக்காதீங்க" என்றார்.

ஊர் திரும்பியபோது என் பெட்டி மிகவும் இலேசாக இருந்தது. அகராதி இப்போது ரவுண்ட் ராக்கில், தரைவிரிப்பில், அவள் கால் எட்டும் இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கையில் துணிகளுக்கிடையே அந்த மஞ்சள் காலுறைகள் அகப்பட்டன. அவற்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாரையேனும் நோக்கி 'இது முறையன்று' என்று சொல்ல நா எழும்போதெல்லாம் அவை நினைவுக்கு வரும். யார் விரல்களையேனும் கட்டிவிடுகிறேனோ என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்.

ஞாயிறுதோறும் காணொளி அழைப்பு வருகிறது. இப்போது அழைப்பவள் பேத்தியே. கைப்பேசியைக் காலால் எடுத்து நிறுத்துவதால், முகம் தெரிவதற்கு முன் திரை நிறைய அவள் கால்விரல்கள் தெரியும். வாரம் முழுவதும் நான் காத்திருப்பது அந்த ஐந்து விரல்களைக் காணத்தான்.