மெயின் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்ட பகல்

திருவொற்றியூரில், லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அங்கேதான் இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டினோம். மின்சார வேலை எனக்கும் என் நண்பனுக்கும். நான் கல்லூரியில் படித்தவன். அவன் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்பவன்; வேலை அவ்வளவு சுத்தம்.

போன தடவை என்ஜினை ஓட்டியபோது ரேடியோவில் ஒரே இரைச்சல். அதை அடக்க, கார் ஆடியோ கடையில் விற்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டர் ஒன்றை மாட்டினோம். தண்ணீர் பாட்டில் பருமன். பிற்பகலில் விமானி அக்கா வந்து சீட்டில் உட்கார்ந்து என்ஜினை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

மெயின் ஸ்விட்சைப் போட்டேன். பேட்டரியை இணைக்கும் ரிலேயில் 'டப்' என்று சத்தம். விளக்குகள் எரிந்தன. அணைத்தேன். அப்போதும் எரிந்தன. கப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும், சில நொடிகளில் மங்கிவிடும் என்று பார்த்தேன். மங்கவில்லை.

நண்பன் ஸ்பேனரால் ரிலே மேல் ஒரு தட்டு தட்டினான். விளக்குகள் மங்கி அணைந்தன.

"வுட்டுச்சு பாரு. அவ்ளோதான் மாமு."

"இன்னா அவ்ளோதான்? காலியா இருந்த கப்பாசிட்டர் மொத்தக் கரண்ட்டையும் ஒரே மூச்சுல இழுத்துகிச்சு. ரிலே பாயிண்டு வெல்டாகி ஒட்டிகிச்சுடா."

"போட்டுல நாலு வருசமா இப்டித்தான் தட்டிகினு கீறேன். எதுனா ஆச்சா?"

"போட்ட நிறுத்திட்டுத் தட்டுவ. மேல பறக்கறப்ப பொக வந்தா அக்கா ஸ்விட்ச அணைக்கும், கரண்ட் நிக்காது. யாரு போய்த் தட்றது, நீயா?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு புது ரிலே வாங்கப் போனான். அதற்குள் நான் ஒரு ஹெட்லைட் பல்பையும் அமுக்கு பட்டனையும் வைத்துத் தனி வழி போட்டேன். முதலில் பட்டனை அமுக்கினால் பல்பு வழியாகக் கப்பாசிட்டர் மெதுவாக நிரம்பும். நிரம்பியதும் பல்பு மங்கும்; அதன் பிறகுதான் மெயின் ஸ்விட்ச்.

அக்கா வந்தபோது நாங்கள் இன்னும் புது ரிலேவுக்குப் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தோம். ஏன் தாமதம் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "ரிலே ஒட்டிகிச்சுக்கா. நான் தட்டி வுட்டுட்டு அப்டியே குடுக்கப் பாத்தேன். இவன் வுடல."

அவர் திட்டவில்லை. சீட்டில் ஏறி, நான் சொன்னபடி பட்டனை அமுக்கி, பல்பு மங்கும்வரை காத்திருந்து, ஸ்விட்சைப் போட்டு அணைத்தார்; இப்படியே பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் விளக்குகள் அணைந்தன. பிறகுதான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.